ஈசிஜி நார்மல் என்றால் இதயம் நலமா? வாசகர் கேள்விகள்

கே: மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது. போன வாரம் எடுத்த ஈசிஜி நார்மல். அப்போ இதயத்தில் அடைப்பு இல்லைதானே?

ப: எத்தனை முறை கேட்டாலும் என் பதில் இதுதான்: அப்படிச் சொல்ல முடியாது. படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி சுமார் 10 விநாடிப் பதிவு. அப்போது இதயத்துக்கு வேலை குறைவு. ரத்தக்குழாய் 70 சதவீதம் அடைத்திருந்தாலும் வருகிற ரத்தம் போதும், ரத்தப் பற்றாக்குறையைக் காட்டும் எஸ்டி பகுதி (ஈசிஜி கோட்டின் ஒரு துண்டு) இம்மியும் இறங்காது. படியேறும்போதுதான் பற்றாக்குறை வரும். ஆஞ்சைனா (இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி) உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஓய்வில் எடுத்த ஈசிஜி நார்மல்தான். அந்த ஒரு தாளை நம்பி வலியோடு நடமாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. உழைத்தால் வந்து, நின்றால் அடங்கும் வலி என்பதே பெரிய தடயம். மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். டிஎம்டியா (டிரெட்மில்லில் நடக்க வைத்து எடுக்கும் ஈசிஜி), சிடி ஆஞ்சியோவா (இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஸ்கேன்) என்று அவர் முடிவு செய்யட்டும். சும்மா இருக்கும்போதே வலி வந்து அடங்காவிட்டால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். அது நார்மலாக இருந்து வலி தொடர்ந்தால் 15, 30 நிமிட இடைவெளியில் திரும்ப எடுக்க வேண்டும். இதயத்தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும்.

கே: டிஎம்டி பாசிட்டிவ். அடைப்பு உறுதியா?

ப: உறுதியில்லை. தவறான பாசிட்டிவ் உண்டு, பெண்களிடம் கூடுதலாக. எத்தனையாவது நிமிடத்தில், எஸ்டி எத்தனை மில்லிமீட்டர் இறக்கம், வலி வந்ததா? ஒன்றையும் எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? 9 நிமிடம் ஓடி 1 மி.மீ. இறங்குவதும் 2 நிமிடத்தில் 3 மி.மீ. இறங்குவதும் ஒன்றல்ல.

கே: ஸ்மார்ட் வாட்ச் ஈசிஜி மாரடைப்பைக் காட்டுமா?

ப: காட்டாது. அது ஒற்றை லீடு, அதாவது இதயத்தை ஒரே கோணத்தில் பார்ப்பது, துடிப்பின் ஒழுங்கைப் பார்க்கத்தான். உங்களுக்கு வேண்டியது 12 லீடு.

கே: மூன்றாம் லீடிலும் வி1-லும் (நெஞ்சில் வைக்கும் முதல் லீடு) டி அலை (ஒவ்வொரு துடிப்பின் கடைசியில் வரும் மேடு) தலைகீழ். பயமாக இருக்கிறது.

ப: அந்த இரண்டில் மட்டும் என்றால் பெரும்பாலும் இயல்புதான். வி2 முதல் வி4 வரை புதிதாக, ஆழமாகத் தலைகீழானால் விஷயம் வேறு. புதிதா என்று அறியப் பழைய ஈசிஜி வேண்டும்.

கே: பழைய ஈசிஜி மங்கிவிட்டது.

ப: வெப்பத்தாளில் அச்சாவதால் மங்கத்தான் செய்யும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டு, அப்போது வலி இருந்ததா என்றும் எழுதி வையுங்கள்.

கே: எல்பிபிபி (இதயத்தின் இடப்பக்க மின்பாதையில் தடை) இருக்கிறது. டிஎம்டி எடுக்கலாமா?

ப: வேண்டாம், அதில் எஸ்டி மாற்றத்தை நம்ப முடியாது. மருந்து செலுத்தி எடுக்கும் நியூக்ளியர் ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.