பூமி தப்பிவிடும், கிணறு?

அன்பின் ஐயா,

யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தடி நீர் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். "பூமியைக் காப்பது மனிதரின் கடமை" என்று அதில் ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. பூமிக்கு 450 கோடி வயதுக்கு மேல். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் விண்கல் விழுந்து டைனோசர்கள் அழிந்தபோதும் உயிர்கள் அடியோடு அற்றுப்போகவில்லை. மனிதன் வந்து 3 இலட்சம் ஆண்டுகள்தான் இருக்கும். அவன் போய் இந்தப் பூமியைக் காப்பாற்றுவதா? இது ஆணவமாகவே எனக்குப் படுகிறது. மனிதன் ஒதுங்கிக்கொண்டால் இயற்கை தன்னைத் தானே சரிசெய்யும்.

இன்னொன்று, காற்றைக் கெடுத்தவை பணக்கார நாடுகள். போரிலே எல்லாவற்றையும் இழந்து இப்போதுதான் தலைநிமிரும் எங்களிடம் வந்து பொறுப்பைப் பற்றிக் கதைப்பது நியாயமா?

அப்பா வெங்காயம் செய்கிறார். பசளையைக் குறையுங்கோ என்றால், "நட்டம் வந்தா நீ தருவியோ?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

ச.,
உரும்பிராய்

அன்பின் ச.,

உங்கள் கணக்கில் பிழையில்லை. பூமி என்ற கோளுக்கு எங்களால் ஓர் ஆபத்தும் வராது. அதற்குச் சான்று தேடி டைனோசர் காலம் வரை போகவும் வேண்டாம். உரும்பிராய்ச் செம்மண்ணுக்குக் கீழே இருக்கும் சுண்ணக்கல் மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்தது. அந்தக் காலம் முடிந்தே 50 இலட்சம் ஆண்டுகளாகின்றன. கோடை முற்றி நீர் கீழிறங்கும்போது கல்லில் வெட்டிய பழைய கிணறு ஒன்றை உற்றுப் பாருங்கள். உளி பட்ட தடங்களுக்கு நடுவே சிப்பியோடுகளின் அச்சுத் தெரியும். எப்போதோ வாழ்ந்து மடிந்த கடற்பிராணிகளின் மேல்தான் வீடு கட்டியிருக்கிறோம். அந்தக் கல்லையே காங்கேசன்துறையில் அரைத்துச் சீமெந்தும் ஆக்கினோம். நாங்கள் போன பிறகும் அது கிடக்கும்.

அந்தக் கல்லிடுக்கில் நிற்கும் நல்ல தண்ணீர் அப்படிப்பட்டதல்ல. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் குடாநாட்டில் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் மழை கல்லின் வெடிப்புகளாலும் குகைகளாலும் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. உப்புநீரை விட நல்ல நீர் பாரம் குறைந்தது என்பதால்தான் அது மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல நீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும். மேலே ஓரடியை இறைத்துத் தீர்த்து, அது ஊறி நிரம்ப இடம் கொடுக்காவிட்டால், கீழேயிருந்து உப்பு அதே கணக்கில் ஏறத் தொடங்கும். ஒரு தலைமுறைக்குள் இதைக் கெடுத்துவிடலாம். திருத்துவதற்கு எத்தனை தலைமுறை செல்லுமோ!

நான் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். புவியியல் காலத்தை வைத்துப் பார்த்தால் எதுவுமே பெரிய இழப்பில்லை. விண்கல் விழுந்த பின்னரும் உயிர் தழைத்தது உண்மை, ஆனால் பழைய பெருக்கம் திரும்பப் பல பத்து இலட்சம் ஆண்டுகள் எடுத்தன. அவ்வளவு காலம் காத்திருக்க மனிதரால் முடியாது. மாட்டாலும் முடியாது, பனையாலும் முடியாது.

மனிதன் ஒதுங்கினால் இயற்கை மீளும் என்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை எழுத உங்களால் எப்படி முடிந்தது என்று யோசித்தேன். மனிதர் இல்லாத நிலம் எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். குடாநாட்டின் வடகரையிலுள்ள வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் போரால் சனம் இடம்பெயர்ந்தது. இராணுவத்தின் வசமிருந்த மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைக்க 2017 ஆகிவிட்டது. ஊர் பார்க்கப் போனவர்கள் கண்டது பற்றைக்காடு. மதிலைப் பிளந்து ஆலும் அரசும் நின்றன. கிணறுகள் தூர்ந்து கிடந்தன. தோட்டம் இருந்த இடம் எதுவென்றே பலருக்கு அடையாளம் தெரியவில்லை. பச்சையாகத்தான் இருந்தது. அந்தப் பச்சையை இயற்கையின் வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வராது. அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள் அந்த இயற்கைக்கு வெளியே இருந்தவர்களா?

உங்கள் அப்பாவின் தோட்டத்தையே எடுங்கள். அந்தச் செம்மண் இவ்வளவு விளைவது அது தானாகக் கொழுத்துக் கிடந்ததால் மட்டுமல்ல. தலைமுறை தலைமுறையாகப் பூவரசங்குழையும் பனையோலையும் தாட்டு, மாட்டுப்பட்டி அடைத்து ஆக்கிய மண் அது. குளக்கரைகளுக்கும் போய்ப் பாருங்கள். பழைய குளங்கள் சிலவற்றின் அருகில் ஆவுரஞ்சிக்கல் இன்னும் நிற்கிறது. தண்ணீர் குடித்துவிட்டு வரும் மாடு உடம்பை உரஞ்சித் தினவு தீர்ப்பதற்கென்று ஒருவர் செலவழித்து நட்ட கல். கிட்டப் போய்த் தடவினால் மாட்டின் தோள் உயரத்தில் கல் மழுமழுவென்று தேய்ந்திருக்கும். குளம் வெட்டியவர் தன் தாகத்தோடு நிற்கவில்லை, மாட்டின் தினவையும் யோசித்திருக்கிறார். இயற்கையில் மனிதருக்குரிய இடம் எது என்று என்னைக் கேட்டால் அந்தக் கல்லைத்தான் காட்டுவேன். மற்ற உயிர்களுக்கு என்ன தேவை என்பதைக் கண்டறிந்து அதற்காக ஒன்றைச் செய்துவைக்க எங்களால் முடியும். வேறெந்த உயிராலும் எங்கள் அளவுக்கு அது முடியாது. அந்த வல்லமைதான் பொறுப்பையும் கொண்டுவருகிறது. இதில் ஆணவம் எங்கே இருக்கிறது?

காற்றைக் கெடுக்கும் காபனைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு 420ஐத் தாண்டிவிட்டது. அதில் எங்கள் பங்கு மிகச் சொற்பம். பணக்கார நாடுகள் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும், அதை நாங்கள் ஓயாமல் கேட்கவும் வேண்டும். இதனால் பூமி சூடேற, 1901க்குப் பிறகு உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. கடல்நீரின் மேல் மிதக்கும் தண்ணீரைக் குடிக்கும் எங்களுக்கு இது எங்கோ நடக்கும் சங்கதி இல்லை. உலகம் சேர்ந்து எதையும் செய்யாது என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம். ஓசோன் படையைக் காக்க 1987இல் செய்த மொன்றியல் உடன்படிக்கையில் எல்லா நாடுகளும் சேர்ந்தன, ஓசோனும் மெல்லத் தேறி வருகிறது.

ஆனால் கிணற்றுக்குள் இருக்கும் நைத்திரேற்றை, பசளையாலும் மலக்கழிவாலும் நீரில் கலக்கும் அந்த உப்பை, எந்தப் பணக்கார நாடும் கொண்டுவந்து கொட்டவில்லை.

சுன்னாகம் நினைவிருக்கும். அனல்மின் நிலையத்து எண்ணெய்க் கழிவு கிணறுகளில் மிதந்தபோது ஊரே கொதித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் 2 கோடி ரூபாய் இழப்பீட்டுக்குத் தீர்ப்பும் வந்தது. மக்கள் சும்மா இருக்கவில்லை என்பதில் எனக்குப் பெருமைதான். எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மணத்தது, குற்றவாளி வேறொருவர். நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, குடித்தால் ருசியிலும் தெரியாது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகி, இறைக்கிற தண்ணீரோடு கீழே போகிறது. தடித்த மண் உள்ள ஊரென்றால் வழியில் கொஞ்சம் நிற்கும். எங்கள் சுண்ணக்கல்லில் வெடிப்பால் நேரே இறங்கிவிடும். ஒரே வளவுக்குள் கிணற்றையும் மலசலகூடக் குழியையும் வைத்திருக்கிற எல்லோருக்கும் இதிலே பங்குண்டு. அதனால்தான் இதற்கு ஊர்வலம் போக ஆளில்லை. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். பிறர் செய்த கேட்டுக்குத் தெருவில் இறங்குகிற நாங்கள், அதே கிணற்றுக்கு நாங்களே செய்வதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

துலாக் காலத்தில் இறைப்புக்கு ஓர் அளவிருந்தது. துலா மிதிப்பவர், பட்டை பிடிப்பவர், தண்ணீர் மாறுபவர் என்று ஆட்கள் வேண்டும். வெயில் ஏற அவர்கள் களைத்துவிடுவார்கள், கிணறு ஊற இடம் கிடைக்கும். மோட்டருக்குக் களைப்பில்லை. துலாவுக்குத் திரும்பச் சொல்லவில்லை, அந்த வேலையின் வருத்தம் எனக்குத் தெரியும். மனிதரின் களைப்பு போட்டுவைத்திருந்த எல்லையை இனி அறிவால்தான் போட வேண்டும்.

இனி அப்பாவின் கேள்வி. அது மிக நேர்மையான கேள்வி, அவரோடு வாதாட வேண்டாம். அறுவடை நேரத்தில் இறக்குமதி வெங்காயம் வந்து விலை விழுந்தால் அந்த நட்டத்தை இன்றுவரை அவர்தான் சுமக்கிறார். 2021இல் இரசாயனப் பசளையின் இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, விளைச்சல் விழ, அந்த ஆண்டு முடியுமுன்னரே தடையை விலக்கினார்கள். மண்ணைக் காக்கிறோம் என்று சொல்லிக் கமக்காரனைக் கைவிட்ட அந்த ஆறு மாதங்கள், இதைப் பற்றி யார் வாய் திறந்தாலும் சந்தேகத்தோடு பார்க்கப் பழக்கிவிட்டன. ஆகவே குறையுங்கோ என்று தொடங்காதீர்கள். கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு மண்ணைப் பரிசோதியுங்கள். யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் பயிர் எடுக்கும் பருவம் பார்த்துப் பிரித்துப் போட்டால் வீண் போவது குறையும், காசும் மிஞ்சும். முதலில் ஒரு தறையில் மட்டும் செய்து பாருங்கள். குழை தாட்ட காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதில் உங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாதது நிறைய இருக்கும்.

அதோடு கிணற்று நீரை நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். மாரிக்கு முதல் ஒரு தரம், மாரிக்குப் பிறகு ஒரு தரம், ஏனென்றால் அளவு மாறும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதற்கு மேலே இருந்தால் கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கொதித்தால் அது போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் பிள்ளை நீலம் பாரித்துப் போகலாம். உங்கள் அயலில் அப்படி ஒரு கைக்குழந்தை இருந்தால், முதல் வேலையாக அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.