முதுகில் ஊசி போட்டால் பையனுக்குக் கால் வராமல் போய்விடுமா?

போகாது, அம்மா. காய்ச்சல், வாந்தி, மூளை, முதுகுவலி என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது கடைசியில் எழுதிய ஒரு வரிதான்: ‘மரத்த கால் மரத்தபடியே நின்னுடுமா டாக்டர்?’

அறுவடையின்போது டிராக்டர் பெட்டியிலிருந்து விழுந்தவனுக்கு நாட்டுக்கட்டு போட்டு, முழங்காலுக்குக் கீழே எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. அதை வெட்டி நேராக்கப் போகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு முதலில் முழு மயக்கம் கொடுத்துத் தூங்க வைப்பார்கள். ஊசி அதற்குப் பிறகுதான், யாரும் அவனைப் பிடித்து அமுக்கப் போவதில்லை. குத்துவதும் நடுமுதுகில் இல்லை, கீழே வால் எலும்பை ஒட்டிய இடத்தில். தண்டுவடம் அதற்கு வெகு மேலேயே முடிந்துவிடுகிறது. அங்கே போகும் மருந்து நரம்பு வேர்களைச் சில மணி நேரம் மரக்க வைக்கும், பிறகு தானாகக் கரைந்து போகும். அமெரிக்காவில் குழந்தைகளுக்குப் போட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரப்பு ஊசிகளைப் பதிவுசெய்து 2018இல் வெளியிட்டார்கள். நிரந்தர நரம்புப் பாதிப்பு ஒன்றுகூட அதில் இல்லை. யூடியூபில் யாரோ அழுதுகொண்டு பேசியதை இதற்கு மேலாக நம்பாதீர்கள்.

உங்கள் நாத்தனாரின் முதுகுவலி பிரசவத்தோடும் பிள்ளையைத் தூக்கிச் சுமப்பதோடும் சேர்ந்தது, சிசேரியன் ஊசியின் மேல் பழி போட வேண்டாம். ஒரு தடவை கொடுக்கும் சிறிது நேர மயக்கத்தால் படிப்பு மந்தமாகாது. வாந்தி ஒரு நாளில் நிற்கும். முதல் நாள் லேசாக உடம்பு சுட்டால் பயமில்லை. எட்டு மணி நேரமாகியும் சிறுநீர் போகவில்லை என்றாலோ, மறுநாள் காலையிலும் கால்விரலை அசைக்க முடியவில்லை என்றாலோ நர்ஸிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. வெட்டி நேராக்கிய காலில் மாவுக்கட்டுக்குள் தசை வீங்கும். வீக்கத்துக்கு இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறினால், ரத்தம் போகாமல் தசை செத்துவிடும். ஒருசில மணி நேரம்தான் அவகாசம். ஆறு மணி நேரம் தாண்டினால் கால் பழையபடி ஆவது கடினம்.

இதன் முதல் அடையாளம் வலி. குறைய வேண்டிய வலி ஏறிக்கொண்டே போகும். கொடுத்த மருந்து கேட்காது, அடுத்த வேளைக்கு முன்பே கேட்டு அழுவான், எப்படிப் படுக்க வைத்தாலும் நிலைகொள்ள மாட்டான். கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை மெதுவாக மேல்நோக்கி நிமிர்த்துங்கள். அதற்கே அலறினால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஊசி வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதை மீறி வலி வந்தாலும், தெளிந்த கால் மறுபடி மரத்துப்போனாலும் அப்படித்தான். விரல் வெளுக்கட்டும், சில்லிடட்டும் என்று காத்திருக்காதீர்கள், அவை கடைசியில் வருபவை. இந்த நிலையில் காலைத் தலையணை மேல் உயர்த்தவும் வேண்டாம், நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ‘சின்னப் பிள்ளை அழத்தான் செய்யும்’ என்று யார் சொன்னாலும், அது நர்ஸாகவே இருந்தாலும், டாக்டர் வந்து கட்டைப் பிரித்துப் பார்க்கும்வரை விடாதீர்கள்.

ஊசியின் பலன் பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு மணி நேரம். அது விட்ட பிறகு மருந்து தேடினால் ராத்திரி முழுக்கக் கதறுவான். அதனால் மரப்பு இருக்கும்போதே பாராசிட்டமால் தொடங்கியிருக்க வேண்டும். வார்டில் கேட்டு உறுதிசெய்யுங்கள். 18 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் வேளைக்கு 250 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் கூடாது. பாட்டிலில் 5 மில்லிக்கு 125 என்று இருக்கிறதா 250 என்று இருக்கிறதா என்று படித்த பிறகே ஊற்றுங்கள். இந்த ஒரு தவறில் பாதி அளவு கொடுப்பவர்களும் உண்டு, இரட்டிப்பாகக் கொடுப்பவர்களும் உண்டு.

போன தடவை மெடிக்கலில் வாங்கிக் கொடுத்த நிமெசுலைடு என்ற வலி மருந்து மீதி இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றே கொட்டிவிடுங்கள். 12 வயதுக்குக் கீழ் அதைக் கொடுக்கக் கூடாது என்று 2011இலேயே நம் அரசு தடை செய்துவிட்டது. தாத்தாவின் முழங்கால் வலிக்கு எழுதிக்கொடுத்த டிராமடாலை உடைத்துக் கொடுக்கும் யோசனையும் வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அது மூச்சையே அடக்கிவிடும்.

தஞ்சாவூரிலிருந்து உங்கள் முத்துப்பேட்டைக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னாலும், முதல் இரண்டு இரவு அங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஊருக்குப் போன பிறகு மருந்து கேட்காமல் ஏறிக்கொண்டே போகும் அந்த வலி வந்தால் விடியட்டும் என்று பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு இன்னும் பக்கம். மறுபடி கட்டுக்காரரிடம் மட்டும் போய்விடாதீர்கள்.