எந்தக் கோளுக்கு எத்தனை நிலா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகளின் பழைய பொது அறிவுப் புத்தகத்தில் சனிக்கு 62 நிலா, இன்னொன்றில் 82, இணையத்தில் 274. எது சரி?

மூன்றும் அந்தந்த ஆண்டுக்குச் சரிதான். 2019-இல் 82 ஆனது. பிறகு 146 வரை ஏறியிருந்தது, 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 சேர்ந்து 274-ஐத் தொட்டது. இவை புதிதாகப் பிறந்தவை அல்ல, இப்போதுதான் கண்ணில் பட்டன. பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமே உள்ள மங்கல் துண்டுகள். மணிக்கணக்கில் அடுத்தடுத்துப் படமெடுத்து, சனியின் நகர்வுக்கு ஏற்றபடி படங்களை நகர்த்தி அடுக்கினால்தான் புள்ளியாகவாவது தெரியும். பிறகு சுற்றுப்பாதை உறுதிப்பட்டால்தான் கணக்கில் சேரும்.

2025 நிலவரம்: புதனுக்கும் வெள்ளிக்கும் இல்லை. பூமி 1, செவ்வாய் 2, வியாழன் 97, சனி 274, யுரேனஸ் 29, நெப்டியூன் 16. பள்ளித் தேர்வில் பாடநூலில் உள்ளதையே எழுதட்டும். ஆனால் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். ஆண்டு போடாத நிலாக் கணக்கு, தேதி போடாத தங்க விலை மாதிரி.

வெள்ளி கிட்டத்தட்ட பூமி அளவுதானே, அதற்கு ஏன் நிலா இல்லை?

இரண்டு விஷயங்கள் அதற்கு எதிராக நிற்கின்றன. முதலாவது, சூரியனின் நெருக்கம். ஒரு கோள் தன் நிலாவைப் பிடித்துவைக்கக்கூடிய எல்லை பூமிக்குச் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர், வெள்ளிக்கு 10 லட்சம், புதனுக்கோ 2 லட்சம்தான். நம் நிலா 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இதே தூரத்தில் புதனுக்கு ஒன்று இருந்தால் சூரியன் பறித்துக்கொள்ளும்.

இரண்டாவது, தன்னைத்தானே சுற்றும் வேகம். நிலாவின் ஈர்ப்பால் கோளில் ஒரு புடைப்பு எழும். பூமி வேகமாகச் சுழல்வதால் அந்தப் புடைப்பு நிலாவுக்கு முன்னால் ஓடி அதை முன்னோக்கி இழுக்கிறது. அதனால்தான் நம் நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. அப்போலோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களில் லேசரைப் பட்டுத் திரும்பவைத்து இதை அளக்கிறார்கள். வெள்ளி ஒருமுறை சுழல 243 நாள், அதுவும் எதிர்த்திசையில். அங்கே புடைப்பு பின்னுக்கு இழுக்கும், நிலா மெல்ல மெல்ல உள்ளே இறங்கிவிடும். செவ்வாயின் போபோஸுக்கு இன்று நடப்பது இதுதான். செவ்வாய் ஒருமுறை சுழல்வதற்குள் அது மூன்று முறை சுற்றிவிடுகிறது, நூறாண்டுக்கு 1.8 மீட்டர் வீதம் இறங்குகிறது. ஏறக்குறைய 5 கோடி ஆண்டில் உடைந்து சிதறும் அல்லது செவ்வாயில் மோதும்.

2024-இல் பூமிக்கு இரண்டாவது நிலா கிடைத்ததாகச் செய்தி வந்ததே?

அது சுமார் 10 மீட்டர் அகலமுள்ள சிறுகோள். செப்டம்பர் 29 முதல் நவம்பர் 25 வரை பூமியின் பிடிக்குள் லேசாக வந்து, ஒரு சுற்றுகூட முடிக்காமல் போய்விட்டது. எண்ணிக்கை ஒன்றேதான்.

கானிமீட் புதனைவிடப் பெரியதாமே, பிறகு ஏன் அது கோள் இல்லை?

விட்டம் 5,268 கிலோமீட்டர், புதனுக்கு 4,879. ஆனாலும் அது வியாழனைச் சுற்றுகிறது, அதனால் நிலா. பாதியளவு பனிக்கட்டி என்பதால் எடையில் புதனில் பாதிகூட வராது.

10×50 பைனாகுலரில் வியாழனைப் பார்த்தேன். வெளிச்சப் பொட்டு ஆடுகிறதே தவிர நிலா ஒன்றும் தெரியவில்லை.

கருவி போதும், கை ஆட்டம்தான் கெடுக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும்போது நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். பல பைனாகுலர்களில் நடுத்தண்டின் முன்முனையில் சிறு மூடி இருக்கும். அதைக் கழற்றி, எல் வடிவ இணைப்பு வைத்து ட்ரைபாடில் மாட்டுங்கள். இல்லையேல் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மடித்த துண்டைப் போட்டு ஊன்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃபோகஸ். முதலில் ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கள். வலக் கண்ணை மூடி, நடுச் சக்கரத்தால் இடக் கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். பிறகு இடக் கண்ணை மூடி, வலது கண்வில்லை வளையத்தைத் திருப்புங்கள். நட்சத்திரம் ஊசிமுனையாகச் சுருங்கியதும் வியாழனுக்குத் திருப்புங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்தவுடன் வில்லையில் ஈரம் படியும். துடைக்காமல் அரைமணி நேரம் வெளியில் வையுங்கள், தானே விலகும்.

வியாழனின் இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள் வரை தெரியும். மூன்றுதான் தெரிந்தால் ஒன்று கோளுக்கு முன்னாலோ பின்னாலோ, அல்லது அதன் கூச்ச ஒளிக்குள்ளோ இருக்கும். கோட்டை விட்டு நன்றாக விலகிய புள்ளி பெரும்பாலும் பின்னணி நட்சத்திரம். மணியைக் குறித்துப் படம் வரைந்து, மறுநாளும் பாருங்கள். இந்த நான்கு நிலாக்களில் அயோ 42 மணி நேரத்தில் சுற்றிவிடும், கலிஸ்டோவுக்குக் கிட்டத்தட்ட 17 நாள். 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ பார்த்ததும் மூன்றுதான், நான்காவதை அவர் கண்டது 13-ஆம் தேதி.