பர்ஸில் இருக்கும் ஐந்து வெள்ளி நோட்டிலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் கேட்டது இது: மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். பொது அறிவுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தீர்கள். வரலாறு, விளையாட்டு, கலை, இயற்கை என்று வரிவரியாக மனப்பாடம் செய்கிறான், அடுத்த வாரமே எல்லாம் மறந்துபோகிறது. சிங்கப்பூரில் வளரும் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்கலாம்?

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. என் மகள் 40 கேள்விகளுக்குப் பதில் சொல்வாள். அதில் ஒன்றுக்குக்கூட "ஏன்" என்று கேட்டால் நிற்பாள். ஒருநாள் காப்பிக்கடையில் பரோட்டாவுக்குக் காத்திருந்தபோது கையிலிருந்த ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்த மரம் நிஜமாவே எங்கயாச்சும் இருக்கா?" என்று கேட்டாள். அந்தச் சனிக்கிழமை போய்ப் பார்த்தோம். அப்போதிருந்து எங்கள் வீட்டுப் பொது அறிவுப் புத்தகம் என் பர்ஸ்தான்.

1999-இல் வந்த இந்த நோட்டு வரிசையில் எல்லாவற்றின் முன்பக்கமும் நம் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் முகம் இருக்கும். பின்பக்கத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு பொருள். இரண்டு வெள்ளியில் கல்வி, ஐந்தில் பூங்கா நகரம், பத்தில் விளையாட்டு, ஐம்பதில் கலை. நீங்கள் கேட்ட நான்கில் மூன்று இங்கேயே வந்துவிட்டது.

ஐந்து வெள்ளி நோட்டில் இருப்பது பூமலையில், அதாவது சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில், நிற்கும் தெம்பூசு மரம். தரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் அந்தத் தாழ்ந்த கிளையைப் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். பூமலை 1859-இல் தொடங்கியது. அதற்கும் முன்பிருந்தே இந்த மரம் அங்கே நிற்பதாகக் கருதுகிறார்கள். மகள் நோட்டை உயர்த்திப் பிடித்து, கிளையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று என் அம்மாவையும் கூட்டிப் போயிருந்தோம். தெம்பூசு அம்மாவை அவ்வளவாக ஈர்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு ரப்பர் மரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "பால்மரம்" என்றார். கல்யாணமாகி இங்கே வரும்வரை ஜொகூரில் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர் அவர். பட்டையில் விரலை வைத்து, இடது பக்கம் மேலிருந்து வலது பக்கம் கீழாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "இப்படித்தான் இறங்கணும். மாத்திச் சீவினா பால் கொறஞ்சுடும்."

ஏன் குறையும் என்று வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேராக மேலே போவதில்லை, சற்றே சாய்ந்து மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அந்தக் குழாய்களில் அதிகமானவற்றைக் குறுக்கே அறுக்கிறது. எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டினால் குழாய்களின் போக்கிலேயே கத்தி போகும், பால் குறையும். அம்மா விடிவதற்கு முன்பே நிரைக்கு (மர வரிசைக்கு) போனதற்கும் காரணம் இருக்கிறது. அதிகாலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் அதிகம். பால் நன்றாக வடிந்து மங்கில், அதாவது கிண்ணத்தில், சேரும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கி வடிவதும் நின்றுவிடும். வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை மறுநாள் உரித்தெடுப்பார்கள்.

இனி வரலாறு. 1876-இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகள் லண்டனின் கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. பல ஆண்டுகள் யாரும் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1888-இல் பூமலையின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லிதான் விடாமல் பிடித்துக்கொண்டார். பழைய முறையில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுப்பார்கள், மரம் நலிந்துவிடும். ரிட்லி அதற்குப் பதிலாக ஒரே வெட்டின் விளிம்பை ஒவ்வொரு முறையும் மெல்லிதாகச் சீவிப் பார்த்தார். அடிமரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவினால், மரமும் பிழைக்கிறது, அடுத்தடுத்த நாள்களில் பாலும் கூடுகிறது. மீன்முள் போல வெட்டுகளை அமைத்துக் காட்டினார். சட்டைப்பையில் ரப்பர் விதைகளைப் போட்டுக்கொண்டு பார்க்கும் தோட்டக்காரர்களிடமெல்லாம் "நடுங்கள், நடுங்கள்" என்று வற்புறுத்தியதால் அவருக்குப் "பைத்தியக்கார ரிட்லி" என்றே பெயர் வந்தது. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் பெரிய அளவில் நட்டார். கார்கள் வந்தன, டயர்கள் வந்தன. சில பத்தாண்டுகளில் உலக ரப்பரில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து போனது.

அந்தப் பாதியைச் சீவியதில் பெரும்பங்கு நம் ஆட்களின் கைகள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள். என் தாத்தா ரஜூலா கப்பலில் வந்தவர். ரிட்லியின் பெயரை அம்மா அன்றுதான் முதல்முறை கேட்டார். "இந்த மனுஷன் கண்டுபுடிச்சதத்தான் நாங்க தினமும் செஞ்சோமா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் மரத்தில் கையை வைத்தபடி நின்றார். ரிட்லி 100 வயது தாண்டி 1956-இல்தான் இறந்தார். அவருடைய தோட்டத்தில் தொடங்கிய வேலையைத் தன் பாட்டியே செய்திருக்கிறார் என்று மகளுக்குப் புரிந்த அந்த நிமிடத்துக்குப் பிறகு, 1877-ஐ அவள் மறக்கவே இல்லை.

நம் தேசிய மலரைப் பற்றி 1893-இல் உலகத்துக்கு எழுதி அறிவித்தவரும் இதே ரிட்லிதான். ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோக்கிமின் தோட்டத்தில் பூத்த கலப்பின ஆர்க்கிட். 1981-இல் தேசிய மலரானது.

பத்து வெள்ளிக்கு வருவோம், விளையாட்டு. பிள்ளைகளுக்கு ஜோசஃப் ஸ்கூலிங்கைத் தெரியும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சலில் 50.39 விநாடி, சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கம். அந்தப் பந்தயத்தில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் உட்பட மூன்று பேர் 51.14 விநாடியில் ஒன்றாகச் சுவரைத் தொட்டு வெள்ளியைப் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கு 56 ஆண்டுகளுக்கு முன், 1960 ரோமில், எடைதூக்குதலில் வெள்ளி வென்ற டான் ஹாவ் லியாங்தான் நமக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தவர்.

ஆனால் உங்கள் மகனிடம் நீங்கள் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டிய பெயர் சி. குணாளன் என்பேன். பந்து உதைத்துக்கொண்டிருந்த இளம் ஆசிரியர். ஒரு பயிற்றுவிப்பாளர் பார்த்துவிட்டு ஓட்டத்துக்கு இழுத்தபோது அவருக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. விரைவோட்டத்துக்கு அது தாமதம். 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டுகளில் 100 மீட்டரில் மலேசியாவின் ஜெகதீசனுக்கும் அவருக்கும் இடையே யார் முதல் என்பதைப் புகைப்படத்தை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். தங்கம் ஜெகதீசனுக்கு. இரண்டு ஆண்டுகள் கழித்து மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் நின்றது. 2001-இல் யு.கே. ஷியாம் 10.37-இல் ஓடி அதை முறியடித்தார்.

ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு. அது எவ்வளவு தூரம் என்று மகளிடம் கேட்டேன். அந்த வேகத்தில் விநாடிக்கு 10 மீட்டர் ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், நூறில் ஒரு பங்கில் 10 சென்டிமீட்டர். அரைச்சாண்தான். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அரைச்சாண் தள்ளி இன்னொரு கோடு போட்டோம். அந்த இடைவெளியைத் தாண்ட ஒரு நாட்டுக்கு 33 ஆண்டு ஆனது என்று சொன்னேன். பக்கத்து வீட்டுப் பையன்களும் வந்து காலை வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் சாந்தி பெரேரா. 2023-இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் 200 மீட்டர் தங்கம், 23.03 விநாடி. திடல்தட வகையில் நமக்கு அதற்கு முந்தைய ஆசிய விளையாட்டுத் தங்கம் 1974-இல், 400 மீட்டரில் சீ ஸ்வீ லீ வென்றது.

ஐம்பது வெள்ளி நோட்டைத் திருப்பிப் பாருங்கள். வயலின், சீனரின் பீப்பா என்ற நரம்பு வாத்தியம், மலாய்க்காரரின் கொம்பாங் மேளம், இவற்றோடு நம் வீணை. முதன்முதலில் கவனித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஓவியங்களும் உண்டு, சென் வென் ஷியின் குரங்குகளும் சியோங் சூ பியெங் வரைந்த காட்சியும். ஓவியத்தைப் பற்றி நிதானமாகச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நடனத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

சாந்தா பாஸ்கர் கேரளத்திலிருந்து 1955-இல் இங்கே வந்தவர். கணவர் கே.பி. பாஸ்கர் 1952-இலேயே வந்து நடனப் பள்ளி தொடங்கியிருந்தார். 1958-இல் சாந்தா பாஸ்கர் பரதநாட்டியத்தில் மேடையேற்றிய கதை சீனத்தின் "வண்ணத்துப்பூச்சிக் காதலர்கள்". ஆண் வேடம் போட்டுப் படிக்கப் போகும் பெண், அவளுடன் படிக்கும் இளைஞன், சேராத காதல், கடைசியில் இருவரும் வண்ணத்துப்பூச்சிகளாகிப் பறப்பது. சிங்கப்பூர் இன்னும் தனிநாடு ஆகாத காலம். அப்போதே ஒரு சீனக் கதைக்கு அடவும் அபிநயமும் அமைக்க ஒரு பெண் முன்வந்தார். பல இன ஒற்றுமையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1990-இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. 2022-இல் மறைந்தார்.

பாலஸ்டியர் பக்கம் போனால் ஜாலான் அம்பாஸ் தெருவையும் காட்டுங்கள். மலாய்ப் படங்கள் குவிந்து தயாரான ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ அங்கேதான் இருந்தது. அந்தப் படங்கள் பலவற்றை இயக்கியவர்கள் இந்தியர்கள். மலாய்த் திரை நட்சத்திரம் பி. ராம்லி கதாநாயகனாக நடித்த முதல் படத்தின் பெயர் "பக்தி", வெளிவந்த ஆண்டு 1950. இயக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன்.

சரி, நோட்டில் இல்லாத ஒன்றும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரப் பாறை ஒன்று இருந்தது. அதன் மேல் சுமார் 50 வரிகளுக்கு எழுத்துகள். 1843-இல் கட்டுமான வேலைக்காக அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அங்குள்ள நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் கிடையாது, அடிக்கடி போகலாம். அந்த எழுத்துகளை இன்றுவரை யாரும் முழுதாகப் படித்துப் பொருள் சொல்லவில்லை. அதைச் சோழர் கல்வெட்டு என்று உறுதியாகச் சொல்லும் செய்திகள் வாட்ஸ்அப்பில் வரும். அப்படி ஒரு கருத்தை முன்வைத்த ஆய்வும் உண்டு, ஆனால் முடிவான ஒன்றாகப் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். "இது இன்னும் யாருக்கும் தெரியாது" என்று சொல்லிப் பாருங்கள், கண்ணாடியை விட்டு நகரவே மாட்டான். என் மகள் எழுத்துகளை நோட்டுப் புத்தகத்தில் அப்படியே வரைந்துகொண்டு வந்தாள்.

அங்கிருந்து ஆற்றங்கரைக்கு நடந்து போகலாம். 1977-இல் ஆற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கி, முடிக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், தெருவோர உணவுக்கடைகள், படகுகள் எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டியிருந்தது. 1998-இல் வடக்கே சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் நீர்நாய்கள் திரும்பி வந்தன. இன்று நகரத்து நடுவிலேயே குடும்பம் குடும்பமாக நீந்துகின்றன. சங்கப் பாடல்களில் பொய்கையில் வாளைமீன் பிடித்துத் தின்னும் அதே நீர்நாய் என்று சொல்லிக் காட்டுங்கள். தமிழ் வகுப்பில் அந்தச் சொல் வரும்போது அவனுக்கு மட்டும் படம் தெரியும்.

முடிந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவரையும் ஒரு தடவை பாருங்கள். 1850களில் இந்தியக் கைதிகள் கட்டத் தொடங்கியது. முட்டை வெள்ளைக்கரு, சுண்ணாம்பு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்த சாந்தைப் பூசித் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குக் கை தானாகத் தடவிப் பார்க்கப் போகும். கட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட அந்தச் சுவரில் இல்லை. எனக்கு அது ஒவ்வொரு முறையும் வருத்தமாகவே இருக்கும்.

நீங்கள் முதலில் பூமலைக்கே போங்கள். காலை 5 மணிக்கே திறந்துவிடும், கட்டணம் இல்லை. நாங்கள் வருகிற சனிக்கிழமை மறுபடியும் போகிறோம். போன தடவை பத்து மணிக்குப் போனது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. இருட்டு விலகும் முன்பே அந்தப் பால்மரத்தடியில் நிற்க வேண்டும் என்கிறார், பால் ஓடுகிற நேரத்தில். பேத்திக்கு அலாரம் வைத்துக் கொடுத்துவிட்டார்.