குளத்துப் படிக்கல்லில் ஏழு குழிகள்: கார்த்திகைக் கூட்டமா?

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் உங்கள் ஊர்க் குளத்துப் படிக்கல்லில் ஏழு குழிகள், கல் கிழக்கே பார்க்கிறது, ஆதிமனிதர் செதுக்கிய கார்த்திகை நட்சத்திரக் கூட்டமா என்று கேட்டிருந்தீர்கள்.

திசையை முதலில் விட்டுவிடுங்கள். நம் டெல்டா முழுக்க வண்டல் மண். கருங்கல் எல்லாம் திருச்சி, புதுக்கோட்டை போன்ற மேட்டுப் பகுதிகளிலிருந்து வந்ததுதான். அது படி கட்டியவர் வைத்த திசை.

காஷ்மீரின் பூர்சஹோம் என்ற தொல்லியல் இடத்தில் கிடைத்த பலகைக்கல்லில் இரண்டு வட்டங்கள், வேட்டைக்காரர்கள், மான் எல்லாம் இருக்கின்றன. வட்டங்களில் ஒன்று விண்மீன் வெடிப்பாக இருக்கலாம் என்று மயங்க் வாஹியா உள்ளிட்ட வானியலாளர்கள் வாதிட்டார்கள். அத்தனை உருவங்கள் இருந்தும் அது இன்றுவரை ஊகம்தான். வெறும் ஏழு குழிகளை எந்த நட்சத்திரக் கூட்டத்தோடும் பொருத்திவிடலாம். கார்த்திகையில் வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் தெரிவதே ஆறு.

குழிகளின் வடிவத்தைப் பாருங்கள், விடை அங்கேதான் இருக்கிறது. நீள்சதுரமாக, ஒரே வரிசையில் இருந்தால் கல் பிளக்க ஆப்பு இறக்கிய குழிகள். வட்டமாக, உள்ளே வழவழப்பாக இருந்தால் தானியம் இடித்த குழியாகவோ பல்லாங்குழியாகவோ இருக்கலாம். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். சுண்ணாம்புக்கட்டியால் மட்டும் கோடு போட்டுவிடாதீர்கள், தேய்மானத் தடயம் கெட்டுவிடும். படத்தை இங்கே போடுங்கள், மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.