புதுச்சேரியில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: சனி, ஞாயிறு வந்தால் பாதி சென்னை புதுச்சேரியில்தான் கிடக்கிறது. கடல் நம் மெரினாவில் இல்லையா? மலிவான சரக்கைத் தவிர அங்கே என்னதான் இருக்கிறது?
– வாசகர், தாம்பரம்

பதில்: சரக்கைத் தனியாகப் பிரித்துவிட்டீர்களே, அதுவும் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொத்துதான்! அவன் ஆண்ட ஊர் என்பதால்தான் 1954-ல் இந்தியா வசம் வந்தபோதும் பக்கத்து மாவட்டத்தில் கரையாமல் தனி ஆட்சியாக நின்றது. தனி ஆட்சி என்றால் தனிக் கலால் வரி. இல்லையென்றால் அங்கேயும் டாஸ்மாக் விலைதான்.

கடலைப் பொறுத்தவரை மெரினாவே மேல். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஜனங்கள் செல்ஃபி எடுப்பது பெரும்பாலும் கருங்கல் குவியலுக்கு முன்னால். 1980களின் கடைசியில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறிக்க, வடக்கே இருந்த கடற்கரையைக் கடல் தின்றது. (மெரினா அகலமானதும் இதே வித்தையால்தான். அங்கே துறைமுகம் வடக்கில் இருக்கிறது, நமக்கு லாபம். ராயபுரம் பக்கம் நஷ்டம்.) ஊரைக் காக்கக் கல் கொட்டியதும் அரிப்பு இன்னும் வடக்கே போய் மீனவக் குப்பங்களைப் பிடித்துக்கொண்டது. பொம்மையார்பாளையத்தில் வீடுகளே கடலுக்குள் போயின. பிற்பாடு கடலில் எஃகுத் தடுப்பை இறக்கித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணலை மீட்டிருக்கிறார்கள்.

மிச்சம், மஞ்சள் சுவரும் காகிதப்பூவும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர் என்று நிறம் பார்த்துப் பிரித்த ஊர் அது. அந்தக் கிழக்குப் பக்கத்தை இன்றைக்கும் கூசாமல் 'ஒயிட் டவுன்' என்று விளம்பரம் செய்கிறார்கள்; நாமும் கூடுதல் வாடகை கொடுத்துத் தங்குகிறோம். சங்கம் வைக்கும் உரிமையும் எட்டு மணி நேர வேலையும் கேட்ட ஆலைத் தொழிலாளர்களில் 12 பேரை 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படை சுட்டுக் கொன்றதும் இதே ஊரில்தான். அது காகிதப்பூவுக்குப் பொருந்தாத கதை.

அடுத்த முறை போகும்போது (போவீர்கள், கேள்வியிலேயே ஆசை தெரிகிறது) வாய்க்காலைத் தாண்டி வைசியாள் வீதிக்குள் நுழையுங்கள். கீழே திண்ணை, தாழ்வாரம் என்று அசல் தமிழ் வீடு. மாடியில் பிரெஞ்சு வளைவும் தூணும். காலையிலேயே போய்விடுங்கள், பதினோரு மணிக்கு மேல் வெயில் தாங்காது.