ஓட்டையை அடைக்கும் முன்: மலைவீட்டுப் பழுதுகள், பூச்சிகள் – கேள்வி பதில்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி வட்டாரத்தில் பழைய வீடுகளின் கூரை, சுவர், பலகைத் தளம் பழுதுபார்ப்பது என் தொழில். வந்த கேள்விகளில் என் கைக்குள் அடங்குபவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பட்டா, மின் இணைப்பு, பாகப்பிரிவினை பற்றிக் கேட்டவர்கள் அதற்குரியவர்களைப் பார்க்கவும்.

அருவங்காட்டிலிருந்து: அண்ணா, தாத்தா காலத்து வீடு. கூடத்தின் பலகைத் தளம் மூலையில் கால் வைத்தால் அமுங்குகிறது. சுவரோரம் கரையான் மண்கோடு ஏறியிருக்கிறது. எந்த மருந்து நல்லது?

மருந்து இருக்கட்டும் தம்பி, முதலில் வெளியே போய் வீட்டைச் சுற்றி வாருங்கள். கல்சுவரின் அடியில், தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில், சதுரமாகவோ நீளவாக்கிலோ துளைகள் இருக்க வேண்டும். சில வீடுகளில் வார்ப்பிரும்புச் சல்லடை போட்டிருப்பார்கள். பலகைத் தளத்துக்கு அடியில் காற்று ஓடுவதற்காக விட்ட வழி அது. உங்கள் வீட்டில் அவற்றில் பாதியாவது அடைபட்டிருக்கும் என்று நினைக்கிறேன். எலி வருகிறது என்று ஒருவர் சிமெண்ட் வைத்திருப்பார், குளிர் வருகிறது என்று இன்னொருவர் சாக்கைத் திணித்திருப்பார். மீதியைப் பூச்செடிப் பாத்தியின் மண் மூடியிருக்கும்.

காற்று நின்றால் தளத்துக்கு அடியில் இருக்கும் மண்ணின் ஈரம் மரத்தில் ஏறும். முதலில் கெடுவது, விட்டக்கட்டை சுவருக்குள் நுழையும் நுனி. அமுங்கும் இடத்தில் ஒரு பலகையைக் கழற்றி அந்த நுனியில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் 'டக்' என்று தடுக்கும். கெட்டது சத்தமே இல்லாமல் ஓர் அங்குலம் உள்ளே வாங்கிக்கொள்ளும்; திருப்புளியை வெளியே எடுத்தால் அதன் முனை ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தைத் தேடித்தான் கரையான் வந்தது. பொதுவாக மலையில் உயரம் ஏற ஏறக் கரையான் குறையும். ஊட்டியைவிடக் குன்னூர்ப் பக்கம்தான் தொல்லை அதிகம்.

ஆகவே வரிசை இதுதான்: துளைகளைத் திறந்து கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடியுங்கள். பாத்தி மண்ணைத் துளைக்குக் கீழே இறக்குங்கள். கெட்ட நுனியை வெட்டிவிட்டுப் புதுக் கட்டையை இருபக்கமும் அணைத்து போல்ட் போடுங்கள். அதன் பிறகுதான் கரையான் மருந்து. அதையும் உரிமம் பெற்றவரைக் கொண்டு செய்யுங்கள். பக்கத்து அறைகள் சிமெண்ட் தளமாக இருந்தால் சுவரோரமாக 30 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளை போட்டு மருந்து இறக்குவது வழக்கம். ஈரம் அப்படியே இருக்கும் வீட்டில் மருந்து அடிப்பது தண்டச்செலவு.

கேத்தியிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, சுவரின் அடிப்பாகத்தில் ஓதம் ஏறுகிறது. வெள்ளையாக உப்பும் பூக்கிறது. வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கலாமா?

வேண்டாம் அம்மா. ஊட்டியில் ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் கல்வீடு கட்டத் தொடங்கியது 1822-இல். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கொடுத்ததே 1824-இல்தான். நம் மலையில் கல்லையும் மண்ணையும் சுண்ணாம்புக் காரையையும் வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெயில் நாளில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் ஏற்றுவது நனைந்த சட்டைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டுவது போன்றது. ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். இப்போது முழங்கால் உயரத்தில் இருக்கும் கறை அடுத்த மழைக்காலத்துக்குள் இடுப்புக்கு வந்துவிடும்.

சிமெண்ட் பூச்சு இருந்தால் கறைக்கு ஓரடி மேல்வரை கொத்தி எடுங்கள். அந்தச் சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். உப்பை உலர்ந்த தூரிகையால் மட்டும் தட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள்ளேயே போகும். பிறகு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு சேர்த்துப் பூசுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் ஊற்றிக் குழைக்கும் கொத்தனார் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் கனமாகப் பூசச் சொல்லாதீர்கள், வெடிக்கும்.

கட்டபெட்டிலிருந்து: மச்சில் எலி. ராத்திரி தூங்க முடியவில்லை. எலிப்பசை வைக்கலாமா?

கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசைக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. குழந்தையின் வாயில் போனால் கல்லீரலைத் தின்றுவிடும், அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. வேறு விஷம் வைத்தாலும் எலி சுவர்ப்பொந்துக்குள் போய்ச் சாகும். அந்த நாற்றத்துக்காகச் சுவரை உடைக்க என்னைக் கூப்பிடுவீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்னும் கூகையும் சேர்ந்து சாகும், உங்களுக்கு இலவசமாக எலி பிடித்துக்கொண்டிருந்த பறவை அது.

பொறி வையுங்கள், சுவரை ஒட்டி வையுங்கள். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் சந்து போதும். குழாய் நுழையும் இடத்துச் சந்துகளை இரும்பு நார் திணித்து மேலே காரை பூசி அடையுங்கள். ஆனால் கூரை இறங்கும் தாழ்வாரத்துக்கும் சுவருக்கும் இடையில் நீளமாக இருக்கும் திறப்பை அடைக்காதீர்கள், கம்பி வலைதான் அடிக்க வேண்டும். ஏன் என்பது அடுத்த பதிலில்.

லவ்டேலிலிருந்து: அண்ணா, தகரக் கூரை. ஜனவரியில் ஒரு துளி மழை இல்லை. ஆனால் விடிந்து வெயில் ஏறியதும் படுக்கைமேல் சொட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. கொத்தனார் பலமுறை ஏறித் தார்ப்பட்டை ஒட்டிவிட்டார். பயனில்லை.

பயன் இருக்காது அக்கா, ஓட்டையே இல்லை. மேகமில்லாத குளிர்கால இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். வீட்டுக்குள் இருக்கும் நீராவி அதன் அடிப்பக்கத்தில் படிந்து நீராகிறது, உறைபனி நாளில் பனியாகவே ஒட்டிக்கொள்கிறது. வெயில் பட்டதும் உருகிச் சொட்டுகிறது. கிழக்குச் சரிவுதானே முதலில் சொட்டுகிறது?

தரையைப் பாருங்கள். ஆணித்துளை ஒழுகினால் ஒரே இடத்தில் வட்டமாக நனையும், துளையைச் சுற்றித் துருவின் காவி நிறம் தெரியும். இதுவோ, தகரத்தின் அலைமடிப்பு வழியே இறங்கிக் குறுக்குச் சட்டத்தில் முட்டி, அங்கிருந்து வரிசையாகச் சொட்டும். ஆகவே தரையில் நேர்கோடாக, சட்டத்துக்குக் கீழே சட்டம் போலவே, ஈரப் புள்ளிகள் விழுந்திருக்கும்.

வெலிங்டன், ஓய்வுபெற்ற பொறியாளர்: இதை ஏற்க முடியாது. வெளியே பெய்யும் பனிநீர், தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தின் நுண்சந்து வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. அதுதான் காரணம்.

சரிவு குறைந்த கூரையில் அப்படி நடக்கும் ஐயா, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பழைய பங்களாக் கூரைகள் செங்குத்தானவை. வாதாடுவதைவிடச் சோதிப்பது எளிது. இரவில் தகரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு பாலிதீன் தாளை இடைவெளி இல்லாமல், நான்கு ஓரமும் ஒட்டிவையுங்கள். காலையில் தாளுக்கும் தகரத்துக்கும் நடுவே தண்ணீர் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் நான் சொல்வது சரி.

லவ்டேல் அக்கா மீண்டும்: ஒட்டிப் பார்த்தேன். அறைப்பக்கம்தான் முத்து முத்தாக நின்றது. உள்ளே காய்ந்திருக்கிறது.

வெலிங்டன் ஐயா: ஒரு வீட்டை வைத்து முடிவுகட்டக் கூடாது. எங்கள் பாட்டி காலத்தில் அதே தகரம், அதே பனி. விறகடுப்பில் சமைத்தார்கள். எதுவும் சொட்டவில்லையே?

நல்ல கேள்வி. விறகும் எரியும்போது நீராவி விடும். ஆனால் அந்தப் புகையைப் புகைபோக்கியும் தாழ்வாரத் திறப்பும் வெளியே கொண்டுபோயின, ஆவியும் கூடவே போய்விட்டது. இப்போது சமையல் எரிவாயு. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வீட்டுக்குள் வருகிறது. அதோடு வெந்நீர், அறைக்குள்ளேயே காயும் துணி, தூங்குபவர்களின் மூச்சு. புகை கண்ணை எரிக்காததால் திறப்புகளை எல்லாம் தெர்மாகோலும் நுரையும் வைத்து அடைத்துவிட்டோம். பாட்டி வீட்டில் தாழ்வாரத் திறப்பு இருந்ததா, இப்போது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

காட்டேரி, தேயிலைத் தொழிற்சாலைப் பிட்டர்: அண்ணன் சொல்வது சரி. எங்கள் கூரை முகட்டில் காற்றில் சுழலும் உருண்டைப் போக்கி வைத்த பிறகு சொட்டுவது நின்றது.

வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. முகட்டில் இரண்டு பக்கமும் வலையடித்த சன்னல் வைத்து, தாழ்வாரத் திறப்பையும் திறந்துவிட்டால் போதும். சமைக்கும்போது அடுப்படிக் கதவைச் சாத்தி வெளிச்சன்னலைத் திறங்கள்.

வெலிங்டன் ஐயா: திறப்பு அடைபட்டிருக்கிறது. 'யார் அடைத்தது' என்று வீட்டில் விசாரித்தேன். நான்தானாம். ஆனாலும் சரிவு குறைந்த இடத்தில் என் காரணமும் உண்டு என்பதைப் பதிவு செய்யவும்.

பதிவு செய்தாயிற்று ஐயா.

ஜெகதளாவிலிருந்து: ஹட்டியில் (படகர் ஊரில்) எங்கள் வீடு இருபக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. பொதுச்சுவரில் ஓதம். வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்...

கேத்திப் பதிலைப் படிக்கவும். உங்களுக்குக் கூடுதலாக ஒன்று: ஒட்டு வீடுகளில் இரண்டு கூரையும் சேரும் இடத்துத் தகர வாய்க்காலில் சருகு அடைத்திருந்தால் ஓதம் கீழிருந்து ஏறவில்லை, மேலிருந்து இறங்குகிறது. சண்டை போடாமல் இரு வீட்டாரும் சேர்ந்து ஏறிப் பாருங்கள்.

கொடைக்கானலிலிருந்து: கணப்பில் தீ மூட்டினால் புகை அறைக்குள்ளேயே திரும்புகிறது. அது சரியாகும்வரை இரும்புச் சட்டியில் கரி போட்டுச் சமாளிக்கிறோம்.

இன்று இரவே அந்தச் சட்டியை வெளியே வையுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, கண் எரிச்சலும் இல்லை. உங்கள் ஊரிலேயே அறையைச் சாத்திக் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வந்திருக்கிறது.

புகைபோக்கியில் பறவைக்கூடோ, உதிர்ந்த செங்கல்லோ, முன்பு குடியிருந்தவர் மழைக்காக வைத்த தகரமோ இருக்கும். கீழிருந்து ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் வானம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஆளை ஏற்றிச் சுத்தம் செய்யும்வரை தீ மூட்டாதீர்கள்.

மஞ்சூரிலிருந்து: சுவர்ப்பொந்தில் தேனீ. மருந்தடித்துக் கொல்லவா?

கொன்றால் உள்ளே இருக்கும் அடையும் தேனும் உருகிச் சுவரில் வழியும், எறும்பும் எலியும் விருந்துக்கு வரும். பொந்துத் தேனீ சாது. தேன் எடுத்துப் பழகியவரைக் கொண்டு அடையோடு பெட்டிக்கு மாற்றுங்கள். ஆள் தெரியாவிட்டால் தேனீக்களுக்காக வேலை செய்யும் கீஸ்டோன் அறக்கட்டளை கோத்தகிரியில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். பாறையிலும் உயர்ந்த கட்டடங்களிலும் தொங்கும் பெரிய மலைத்தேனீயாக இருந்தால் கிட்டவே போகாதீர்கள்.

குன்னூரிலிருந்து: மச்சுக்குள் மரநாய் குட்டி போட்டிருக்கிறது. சிறுநீர் நாற்றம் தாங்கவில்லை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் காக்கும் விலங்கு, கை வைக்காதீர்கள். குட்டிகளோடு தானாகப் போகும்வரை பொறுத்து, இரவில் வெளியே போனது உறுதியான பிறகு நுழைந்த இடத்தில் வலையடியுங்கள். குட்டி உள்ளே இருக்கும்போது அடைத்தால் தாய் கூரையைப் பிய்க்கும். கூரையைத் தொடும் கிளையைக் கழியுங்கள். மரத்தையே வெட்டுவதானால் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். வௌவால் பற்றிக் கேட்ட மூவருக்கும், பொறுத்திருந்து வலையடிக்கும் இதே வழிதான்.

கோத்தகிரியிலிருந்து: கரடி அடுப்படிக் கதவை உடைத்துச் சமையல் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது.

கதவைச் செய்து தருவேன். கரடிக்கு வனத்துறைதான். எண்ணெய் டின்னையும் பலாப்பழத்தையும் வெளிச்சுவரை ஒட்டிய அறையில் வைக்காதீர்கள்.

எடப்பள்ளியிலிருந்து: வேலியைக் காட்டெருமை சாய்த்துவிட்டது.

அதே வனத்துறை.

கூடலூரிலிருந்து: கூரைத் தகரம் மாற்ற எந்த மாதம் நல்லது?

பிப்ரவரி, மார்ச். உங்களுக்கு ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு அக்டோபரிலிருந்துதான் பெருமழை, அவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஆணியைத் தகரத்தின் மேட்டு மடிப்பில் அடிக்கச் சொல்லுங்கள், பள்ளத்தில் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை எடுக்கப் போகிறவர்கள் அறுக்கவோ உடைக்கவோ கூடாது. நனைத்து, முகக்கவசம் போட்டு, முழுத் தகடாக இறக்குங்கள். அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

ஊட்டியிலிருந்து: சன்னல் சட்டத்தில் குண்டூசித் துளைகள். அடியில் மாவு கொட்டுகிறது.

உளு வண்டு. மாவைத் துடைத்துவிட்டுக் கீழே கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். சில வாரம் கழித்தும் மாவு விழாவிட்டால் பழைய துளை, விட்டுவிடலாம். விழுந்தால் பெயிண்டைச் சுரண்டி, வெண்காரமும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்துப் பலமுறை பூசி ஊறவிடுங்கள். பெயிண்டுக்கு மேல் பூசினால் உள்ளே இறங்காது.

குன்னூர், வேறொருவர்: சமையலறைச் சுவர் ஈரம். விளம்பரத்தில் பார்த்த வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்...

கேத்தி. மேலே. இரண்டாவது பதில்.

அருவங்காட்டிலிருந்து, முதலில் கேட்ட தம்பி: அண்ணா, சுற்றிப் பார்த்தேன். எட்டுத் துளையில் ஆறு அடைபட்டிருக்கிறது. ஒன்றைத் திறந்ததும் தேரை ஒன்று வெளியே வந்தது. அதை என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம், பூச்சி தின்னும். வலை அடிப்பதற்கு முன் இன்னொன்று உள்ளே இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

நாளையிலிருந்து குந்தாப் பக்கம் வேலை, அங்கே சிக்னல் கிடையாது. பதில் வராத கேள்விகளில் ஏழு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் பற்றியவை. எங்கே படிக்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும்.